நூற்றுப்பதினேழாம் எண் மரம்

டம்புரே அரிவாளின் முதுகால் மரப்பட்டையைச் சுரண்டி, கையகலத்துக்கு வழுவழுப்பாக்கி, அதில் வெள்ளைப் பெயிண்டால் 117 என்று எழுதினான். ஏழின் காலை நேராக இழுக்க அவன் கைக்கு இன்னும் வரவில்லை. எந்த மரத்தில் எழுதினாலும் அது கொஞ்சம் சாய்ந்தே நின்றது.

“உன் ஏழு காலையிலயே பிட்டோக் கள்ளு குடிச்சிருக்கு போல,” என்றான் டெரி. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் குந்தியிருந்தான்.

“நாய்த்தலைக்கு அடிச்சிக்கிறவன் என் ஏழப் பத்திப் பேசறான் பாரு.”

“தலை திங்கிறது உங்க ஆளுங்கடா. நாங்க உடம்புக்கறிதான். தலையத் தின்னுத்தின்னு மூளை மந்தமாகி, நாப்பத்திரெண்டு வயசுல எழுத்துப் படிக்கப் போறீங்க.”

டெரி மேற்கே இருந்து வந்தவன், தகாபா இனத்தான். அவன் இனமும் டம்புரேயின் இனமும் எங்கே சந்தித்தாலும் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. சாவு வீட்டில்கூட நாய்த்தலைப் பேச்சு நிற்காது. அதனால் டம்புரே சிரித்துவிட்டு, பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தான். இடுப்பு வலித்தது. இருபது வருஷம் தெற்கே குமாசி நகரத்தில் மூட்டை தூக்கிய இடுப்பு.

டப்போலிகு மலையின் வடபுறம் முழுக்கக் கல்குவாரிக்குப் போகப் போகிறது. மலைக்குக் கீழே உள்ள புதர்க்காட்டை முதலில் சுத்தம் செய்தால்தான் இயந்திரங்களும் லாரியும் உள்ளே வர முடியும். ஆனால் நினைத்தபடி சாய்த்துவிட முடியாது. எண்ணெய்க் கொட்டை தரும் ஷியா மரம் ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். எண்ணெல்லாம் தாளில் ஏற வேண்டும். பிறகு சுற்றுச்சூழல் ஆபீசர் வந்து, எல்லைக்கோட்டை நடந்து பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை புல்டோசர் ரோட்டோரத்தில் லாரி மேலேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தும் இருந்தது, நாலு நாளாக, மஞ்சளாக. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் நிழலில் படுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளில் டம்புரேயின் பெயரும் இருந்தது. போன மாதம் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் கூட்டம் போட்டபோது, சர்வேயர் குவாச்சே ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். தண்ணீர் ஊற்று இருக்கிறதா? இல்லை. சாமி இடம் இருக்கிறதா? மண்ணுக்கு உரியவரான தெண்டானா அயம்பிரே எழுந்து, கிழக்குப் பாறை ஒன்று இருக்கிறது, அதைத் தொடக் கூடாது என்றார். சரி என்று எழுதிக்கொண்டார்கள். கல்லறைகள் இருக்கின்றனவா?

“எங்க ஆளுங்கள நாங்க வீட்டு வாசல்ல புதைப்போம். காட்டுல புதைக்கிறதில்ல,” என்றார் தெண்டானா. ஆண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அது பொய்யில்லை. ‘இல்லை’ என்று எழுதி, கீழே பெருவிரல் பதிக்கச் சொன்னார்கள். டம்புரே மட்டும் பேனாவைக் கேட்டு வாங்கிப் பெயரை எழுதினான். அவன் கையெழுத்து ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து மனைவி லாரிபாவிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே பீன்ஸ் பொறுக்கினாள். என்ன கேள்விக்கு என்ன பதில் எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது அந்த லாரிபாதான் தலையில் சுரைக்குடுவையோடு மலையடிவாரத்தில் தெரிந்தாள். அவளும் மற்ற பெண்களும் மலையின் தென்புறத்தில் சுத்தியலால் கல் உடைத்து ஜல்லி குவிக்கிறவர்கள். உச்சிவேளையில் இரண்டு பேருக்கும் மாவுத்தண்ணி கொண்டு வருவாள்.

“வா வா, மாமியார் வந்தாச்சு!” என்று டெரி கத்தினான். “அந்த நாய்த்தலைக்காரனுக்குக் கொஞ்சமா ஊத்து, எனக்கு நெறையா ஊத்து!”

அவள் வழக்கம்போலப் பதில் ஏச்சு விடவில்லை. இருபது எட்டுத் தூரத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே டம்புரே நேற்று வெட்டிய எல்லைக்கோடு போனது. அதன் இரண்டு பக்கமும் புல், முள், நாலைந்து ஷியா மரம், அவ்வளவுதான். அவள் குடுவையைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தாள். செருப்பைக் கழற்றினாள். பிறகு நேரே வராமல், புதர்க்காட்டின் விளிம்போடு வடக்கே போய், பெரிய வளைவாகச் சுற்றி, பின்புறமாக வந்து சேர்ந்தாள். வியர்த்துக் கொட்டியது.

“பாம்பு கண்டியா?” என்று கேட்டான் டம்புரே.

“இல்ல.”

“அப்புறம் எதுக்குச் சுத்தி வந்த?”

அவள் மரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வெள்ளையாக எழுதினால் வெட்டப் போகிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

“இதெல்லாமா?” என்றாள்.

“இதெல்லாந்தான்.”

ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்த வழியே சுற்றிக்கொண்டு போனாள். டெரி பின்னாலிருந்து ஏதோ கேலி பேசினான். டம்புரேக்குக் காதில் விழவில்லை. வெறுங்காலோடு புல் விளிம்பில் வளைந்து போகிற அந்த நடையை அவன் இதற்கு முன் பார்த்திருக்கிறான். அது அவன் அம்மாவின் நடை. விறகோடு வரும்போது அம்மா இங்கேதான், இரண்டாகப் பிளந்து வளர்ந்த இந்த ஷியா மரத்துக்கு முன்னால், கட்டைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் இடுக்கிக்கொண்டு ஒரு வளைவு போட்டுப் போவாள். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, வாயை மூடு என்றாள். அந்த மரத்தில்தான் இப்போது 117 காய்ந்துகொண்டிருந்தது.

டம்புரே என்றால் குப்பைமேடு. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் பெயர் வைக்கிற நாள் வருமுன்பே போய்விட்டன. இவனையாவது சாவு ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று குப்பை என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கும் லாரிபாவுக்கும் அப்படியே மூன்று போயின. நாலாவது அசூமி மட்டும் தங்கினாள். ஒவ்வொரு தடவையும் தலாட்டா கிழவி விடியலில் வந்து, பானைக்குள் வைத்துத் துணி மூடி எடுத்துக்கொண்டு போவாள். பெற்றவள் தண்ணீர்க் குடுவையோடு பின்னால் போவாள். ஆண்கள் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே என்று கேட்கக் கூடாது. அழக் கூடாது, அடையாளம் வைக்கக் கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பேசினால் அது கேட்டுவிடும். கேட்டால் அடுத்த வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்து, மறுபடி போய்விடும்.

தலாட்டா கிழவி செத்து மூன்று வருஷமாகிறது.

அன்று சாயங்காலம் லாரிபா களி கிண்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“லாரிபா. நான் வெட்டின கோடு…”

“அசூமிக்கு இது ஏழாவது மாசம்,” என்றாள் அவள், பானையைப் பார்த்துக்கொண்டே.

“தெரியும்.”

“தெரிஞ்சா பேசாத.”

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க ஒண்ணும் இல்லைன்னு.”

துடுப்பு நின்றது. புகை அவள் முகத்தில் அடித்தது, அவள் முகத்தைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துடுப்பு மறுபடி சுற்றத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

மறுநாள் காலையில் டம்புரே சர்வேயர் குவாச்சேயிடம் போனான். அவர் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். தெற்கத்தி ஆள், கெட்டவரில்லை. குமாசிப் பேச்சு டம்புரேக்கு நன்றாகவே வரும்.

“சார், வடமேற்குக் கோட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளணும்.”

“எவ்வளவு?”

“பொளந்த மரம் வெளிய போற அளவுக்கு.”

“ஏன்?”

டம்புரே தலையைச் சொறிந்தான்.

“என்னப்பா, சாமி இடமா?”

“இல்ல சார்.”

“ஊத்தா?”

“இல்ல.”

“கல்லறையா?”

வாயைத் திறந்தான். அசூமியின் வயிறு கண்ணில் வந்தது. மூடிக்கொண்டான்.

குவாச்சே சிரித்துவிட்டார். “டம்புரே, மரம் ஒன்னக் காதலிச்சா நான் என்ன செய்ய? தாளுல இல்லைன்னு இருக்கு. கீழ ஒன் பேரே இருக்கு, அழகா, பேனாவுல. இனிமே மாத்தணும்னா ஆபீசர்தான் மாத்தணும். வெள்ளிக்கிழமை வர்றாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்தம்மாகிட்ட கதை சொல்லிப் பிரயோஜனமில்ல. கண்ணால பாத்தாத்தான் எழுதும். பாக்கலேன்னா கடவுளே வந்து சொன்னாலும் எழுதாது.”

தெண்டானாவிடமும் போனான். அவர் வாசலில் உட்கார்ந்து கோலா கொட்டை மென்றுகொண்டிருந்தார். பாதி கேட்டதுமே கையை உயர்த்தினார்.

“அது கல்லறை இல்ல. பேர் வெச்சாத்தான் ஆள், ஆள் இருந்தாத்தான் கல்லறை. என்னைக் கேட்டாங்க, நான் நெசத்தச் சொன்னேன்.”

“அப்ப அங்க இருக்கிறது என்ன ஐயா?”

“அது பொம்பளைங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியக் கூடாது.” அவர் குரல் இறங்கியது. “எங்கம்மாவும் அந்தப் பக்கம் சுத்தித்தான் போவா. போ, வேலையப் பாரு.”

கேட்கப்பட்டவர்களுக்கு இடம் தெரியாது. இடம் தெரிந்தவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவர்கள் சொல்லக் கூடாது. இதை நினைத்துக்கொண்டே அவன் வீட்டுக்கு வந்தான். லாரிபா கல் உடைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல், வாசலில் மேய்ந்த கினிக்கோழியைப் பார்த்துச் சொன்னான்:

“வெள்ளிக்கிழமை ஆபீசர் வருது. பொம்பள ஆபீசர். சொன்னா எழுதாதாம். கண்ணால பாத்தாத்தான் எழுதுமாம்.”

லாரிபா சுத்தியலைக் கூடையில் போட்டாள். “கோழிகிட்டயா சொல்ற?” என்றாள்.

“கோழிகிட்டத்தான்.”

“சரி,” என்று அவள் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காற்றில் பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் தூசி நிறைந்திருந்தது. ஆபீசர் ஓஃபோசுவா ஜீப்பிலிருந்து இறங்கினார். குட்டையான அம்மாள், தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் அட்டை வைத்த தாள். குவாச்சே முன்னால் நடந்தார். தெண்டானாவும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் பின்னால். டெரி டேப்போடும் டம்புரே பெயிண்ட் டப்பாவோடும் வந்தார்கள். ரோட்டில் புல்டோசர்க்காரன் லாரியிலிருந்து இறக்குவதற்குப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

கிழக்குப் பாறை சரியாக இருந்தது. தென்கோடு சரியாக இருந்தது. ஆபீசர் மரங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்து எண்ணைத் தாளோடு ஒத்துப் பார்த்தார்.

“ஏழு யார் எழுதுனது?”

“இவன்தான் மேடம்,” என்றான் டெரி சந்தோஷமாக.

வடமேற்குத் திருப்பத்தில் குவாச்சே சட்டென்று நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

புதர்க்காட்டில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கும்பலாக இல்லை. இங்கே ஒருத்தி, நாலு எட்டுத் தள்ளி ஒருத்தி, மரத்தடியில் இரண்டு பேர், முள்ளுக்குள் ஒருத்தி. எல்லாரும் வெறுங்கால். எல்லாரும் கல் உடைக்கிறவர்கள். உடம்பெல்லாம் கல் தூசி. ஒருத்திக்கு எண்பது வயது இருக்கும், தடியை ஊன்றி நின்றாள். ஒருத்திக்கு இருபதுகூட இராது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. காலுக்குக் கீழேயும் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலரின் பக்கத்தில் தரையில் ஏதோ வைத்திருந்தது: ஒரு சுத்தியல், ஒரு தலைத்துணி, கவிழ்த்த ஒரு சுரைக்குடுவை.

லாரிபா ஓரிடத்தில் நின்றாள். அவளுடைய இடது செருப்பு மூன்று எட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. வலது செருப்பு இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரு புல்தூரின் அடியில்.

டம்புரே அந்த இரண்டு செருப்பையும் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தான்.

“வேலை நிறுத்தமா?” என்றார் குவாச்சே. “ஏய், என்னம்மா இது? தள்ளுங்க!”

யாரும் நகரவில்லை. தெண்டானா மெல்லத் திரும்பி, மலையைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றார். பெரியவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். “இவங்க ஏன் இங்க நிக்கிறாங்க?” என்று குவாச்சேயைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. ஆபீசர் டம்புரேயின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

“எனக்குத் தெரியாது மேடம். நான் கேக்கக் கூடாது.”

“ஒனக்குப் பிள்ளைங்க எத்தனை?”

“ஒரு பொண்ணு.”

“பொறந்தது எத்தனை?”

பெயிண்ட் டப்பாவின் கம்பிப் பிடி அவன் கையில் கீச்சென்றது.

ஆபீசர் அதற்கு மேல் கேட்கவில்லை. பூட்ஸைக் கழற்றி எல்லைக்கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, சாக்ஸோடு, ஒவ்வொரு பெண்ணையும் தூரத்திலிருந்தே சுற்றி வந்தார். உதடு அசைந்தது, எண்ணினார். சுத்தியல், துணி, குடுவை, செருப்பு எதையும் விடவில்லை. எண்ணி முடித்துத் தாளில் எழுதினார்.

“முப்பத்தெட்டு,” என்றார். “கடைசியா நிக்கிறவங்ககிட்டயிருந்து விதிப்படி தூரம் விட்டு, கோட்டை உள்ள தள்ளிக் கட்டுங்க. டேப்பைப் பிடிங்க.”

கடைசியாக நின்றது தடி ஊன்றிய அந்தக் கிழவி. டெரி அவள் பக்கத்திலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தான். குவாச்சே முணுமுணுத்துக்கொண்டே முளை அடித்தார். டம்புரே கோட்டைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தான். பெண்கள் நின்ற இடமெல்லாம் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது. பிளந்த மரம் வரவில்லை. அது பத்து எட்டு உள்ளே, புல்டோசருக்குப் போகிற பக்கத்தில், சாய்ந்த ஏழோடு நின்றது.

அங்கே யாரும் நிற்கவில்லை. நிற்க வேண்டியவள் செத்துப் பதினாறு வருஷம்.

“டம்புரே, முளையக் கொண்டா,” என்றார் குவாச்சே.

அவன் லாரிபாவைப் பார்த்தான். அவள் எல்லாரையும்போல முன்னால் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்த இடம் அந்த மரமாக இருந்தது.

அவன் செருப்பைக் கழற்றினான். அம்மா கட்டை இறக்குகிற இடம் வந்ததும் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கவும் இல்லை, தொங்கவிடவும் இல்லை, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அவள் சுற்றிப் போகிற வளைவு நினைவிருந்தது. அந்த வளைவுக்கு நடுவே எது எங்கே என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மரத்தின் அடியில் டப்பாவை வைத்தான். இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றான். முன்னால் பார்த்தான்.

“எங்க போற? ஏய்!” குவாச்சே கத்தினார். “வெளிய வாடா! இது பொம்பளைங்க சமாச்சாரம்னு ஒங்க ஆளுங்களே திரும்பி நிக்கிறாங்க. நீ கூலி ஆளு. இப்ப வரலேன்னா நாளையிலருந்து வராத!”

பெண்களில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். தெரிந்தே ஒரு ஆண்பிள்ளை அங்கே போய் நின்று யாரும் பார்த்ததில்லை. இதெல்லாம் அசூமியின் வயிற்றுக்குக் கேட்குமோ என்று பயமாக இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. நின்றான்.

ஆபீசர் தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மரத்தடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

“நாற்பது,” என்று எழுதினார்.

குவாச்சே தொண்டையைக் கனைத்தார். “மேடம், அங்கருந்து அளந்தா அறுபது எழுபது மரம் போயிடும். ஒரு ஓரமே போயிடும். கம்பெனி என்னைத்தான் கேக்கும்.”

“கேட்டா என் பேரச் சொல்லுங்க. டேப்பை அங்கருந்து பிடிங்க.”

டெரி டேப்போடு வந்தான். செருப்பை அவனும் கழற்றியிருந்தான். டம்புரேயின் காலடியில் குனிந்து முனையைப் பிடித்தபோது, தலையைத் தூக்காமல், மிக மெதுவாகச் சொன்னான்: “நாய்த்தலை.” அதில் கேலி இல்லை. டம்புரேக்குக் கண் கரித்தது. அழக் கூடாது என்பதால் தூசியை முறைத்துப் பார்த்தான்.

மலைப்பக்கமாகத் திரும்பியிருந்த தெண்டானாவிடம் போய் ஆபீசர் கேட்டார்: “ஐயா, இதைத் தாளுல என்னன்னு எழுத? கல்லறைன்னா?”

“கல்லறை இல்ல,” என்றார் அவர் திரும்பாமலே. “நான் பொய் சொல்லல.”

“நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் எழுதல.” கொஞ்சம் யோசித்து, ‘இல்லை’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார். பிறகு சுற்றி வந்து அட்டையை டம்புரேயிடம் நீட்டினார். “முன்னாடி ஒன் கையெழுத்து இருக்கு. அடிச்ச இடத்துலயும் ஒன் பேரு வேணும்.”

அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். ‘கால் வைக்கக் கூடாத இடங்கள்: நாற்பது.’ அதன் கீழே, நின்ற இடத்திலிருந்து நகராமலே, பெயரை எழுதினான். இந்தத் தடவை நேரம் பிடித்தது.

பெண்கள் வந்த மாதிரியே பேசாமல் கலைந்தார்கள். லாரிபா செருப்புகளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றுவழியாகப் போனாள். டம்புரேயைக் கடக்கும்போது நிற்கவில்லை. “மாவுத்தண்ணி மலைக்கு அந்தப் பக்கம் வெச்சிருக்கேன்,” என்று மட்டும் சொன்னாள்.

குவாச்சே அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வெளியே போன மரங்களிலிருந்து எண்ணை அழிக்க ஆள் வேண்டியிருந்தது. அவர் அந்த மரங்களுக்குள் போகத் தயாராக இல்லை. திங்கட்கிழமை புல்டோசர் இறங்கி, கிழக்கே முதல் மரத்தைச் சாய்த்தது. அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. மலை போகத்தான் போகிறது. தென்புறத்தில் கல் உடைக்கிற பெண்களுக்கு இனி வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அசூமிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை.

டம்புரே மண்ணெண்ணெய்த் துணியால் 117-ஐத் துடைத்தான். பெயிண்ட் பட்டைக்குள் இறங்கியிருந்தது. ஒன்றும் ஒன்றும் போய்விட்டன, ஏழு மட்டும் போக மறுத்தது. அரிவாள் முதுகால் சுரண்டினான், மரத்துக்கு வலிக்காத அளவுக்கு.

“ஏய், சாப்பிட வா!” என்று எல்லைக்கு அப்பாலிருந்து டெரி கூப்பிட்டான். “குறுக்கால வா, பக்கம்தான!”

டம்புரே துணியை மடித்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புல் விளிம்போடு, வடக்கே சுற்றிக்கொண்டு நடந்தான்.